பொய் சொல்லாம ஏமாத்துறது: பழைய ஆந்தாலஜி டிவியில ட்விஸ்ட் எப்படி வேலை செஞ்சுது

ஒரு வெப் சீரிஸ் முடிஞ்ச மறுநாளே ட்விஸ்ட்டைப் பத்தி ரெண்டு விதமான சண்டை ஆரம்பிச்சுடும். ஒரு கூட்டம் "ரெண்டாவது எபிசோட்லயே கண்டுபிடிச்சாச்சு"ன்னு சொல்லும், இன்னொரு கூட்டம் "இது சீட்டிங், ஒரு க்ளூ கூட குடுக்கலயே"ன்னு கொதிக்கும். ரெண்டுமே ஒரே கேள்விதான், பார்க்கறவங்களை எவ்ளோ தூரம் திசை திருப்பலாம், எந்தக் கோட்டைத் தாண்டினா அது மோசடி. இதுக்கு இன்னிக்கும் தெளிவான பதில் கிடைக்கிற இடம் 1955லேந்து 1964 வரைக்கும் அமெரிக்க டிவியில வந்த ரெண்டு தொடர்கள்: சினிமா டைரக்டர் ஹிட்ச்காக்கோட ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் ப்ரெசென்ட்ஸ், அப்புறம் எழுத்தாளர் ராட் செர்லிங்கோட தி ட்விலைட் ஸோன். க்ளைமாக்ஸைச் சொல்லாம இதை விளக்கவே முடியாது, அதனால கீழ நிறைய முடிவுகள் வெளிப்படையா வரும், பார்க்கணும்னு வச்சிருக்கறவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

முதல்ல அடிப்படை

1. ஆந்தாலஜி தொடர்னா வாராவாரம் புதுக் கதை, புது நடிகர்கள், புது உலகம். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் பொதுவா இருக்கிறது தொடரோட பேரும், முன்னாடி வந்து பேசற ஆளும், மொத்தத்துல ஒரு மூடும் மட்டும்தான்.

2. ட்விஸ்ட்னா புதுசா ஒரு சம்பவம் நடக்கிறது மட்டும் கிடையாது. கடைசியில வர ஒரு தகவல், அதுவரைக்கும் நாம பார்த்த அத்தனை காட்சிக்கும் அர்த்தத்தை மாத்தணும். திடீர்னு லாரி வந்து ஹீரோவை அடிச்சா அது அதிர்ச்சி, அவ்ளோதான். முன்னாடி பார்த்த எதுவும் அதனால மாறல.

3. மிஸ்டைரக்‌ஷன்ங்கிறது மேஜிக் பண்றவங்ககிட்டேந்து வந்த சமாச்சாரம், வலது கை பெருசா ஏதோ பண்ணும்போது காசு இடது கையில இருக்கும். கதையில காசுக்குப் பதிலா தகவல். எதைக் காட்டறோம்ங்கிறதை விட, எந்தக் கேள்வியை உங்க மண்டைக்குள்ள ஓட விடறோம்ங்கிறதுதான் இதுல முக்கியம்.

4. சர்ப்ரைஸ் வேற, சஸ்பென்ஸ் வேற. ஹிட்ச்காக் 1962ல ஃப்ரெஞ்ச் டைரக்டர் த்ரூஃபோக்குக் குடுத்த நீண்ட பேட்டியில இதை ஒரு குண்டை வச்சு விளக்கினாரு. மேஜைக்கு அடியில குண்டு இருக்கிறது நமக்குத் தெரியாம வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, அது இருக்கிறது நமக்கு மட்டும் தெரிஞ்சு அங்க உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியலன்னா 15 நிமிஷம் பதட்டம். அதனால முடிஞ்ச வரைக்கும் ஆடியன்ஸுக்குத் தகவலைக் குடுத்துடணும், ட்விஸ்ட்டே கதையோட உச்சமா இருந்தாதான் மறைக்கணும்ங்கிறது அவரோட வாதம்.

இந்த வடிவத்துக்கும் ட்விஸ்ட்டுக்கும் ஏன் இவ்ளோ பொருத்தம்

சாதாரண தொடர்ல ஹீரோ சாக மாட்டாருன்னு நமக்குத் தெரியும், அடுத்த வாரமும் அவர் வரணுமே. ஆந்தாலஜில அந்தப் பாதுகாப்பு கிடையாது, யாரு வேணா சாகலாம், யாரு வேணா கெட்டவங்களா மாறலாம், பூமியே அழியலாம். இதை எல்லாரும் சொல்லுவாங்க. இதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு.

வாராவாரம் புது உலகம்ங்கிறதால பார்க்கறவங்க முதல் ரெண்டு நிமிஷத்துல அந்த உலகத்தை மனசுக்குள்ள கட்டியாகணும். அவசரத்துல கட்டறோம், அதனால சொல்லாத இடத்தையெல்லாம் நம்ம வழக்கப்படி நிரப்பிக்கிறோம். இடம் சொல்லலன்னா பூமி. காலம் சொல்லலன்னா இப்போ. முகம் காட்டலன்னா மனுஷ முகம், அளவு சொல்லலன்னா நம்ம அளவு. எழுதறவர் பொய் சொல்லவே வேணாம், அந்த வெற்றிடத்தை விட்டுட்டுப் போனாப் போதும், நாமளே தப்பா நிரப்பிடுவோம். ட்விலைட் ஸோனோட மிகச் சிறந்த எபிசோட்கள்ல பாதிக்கு மேல இந்த ஒரே சூட்சுமம்தான் ஓடுது.

கூடவே நேரம். அரை மணி நேர ஸ்லாட், விளம்பரம் போக 25 நிமிஷம் சொச்சம்தான் கதை. சந்தேகப்பட ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அன்னிக்கு ரீவைண்ட் பட்டனும் கிடையாது.

கிட்டப் போய் ஒரு எபிசோட்: முகமே காட்டாத ஆஸ்பத்திரி

ட்விலைட் ஸோன்ல 1960 நவம்பர் 11ஆம் தேதி வந்த "ஐ ஆஃப் தி பிஹோல்டர்" எபிசோடை எடுத்துக்கலாம், எழுதினது செர்லிங், டைரக்‌ஷன் டக்ளஸ் ஹேய்ஸ். ஜேனட் டைலர்னு ஒரு பொண்ணு ஆஸ்பத்திரி படுக்கையில இருக்கா, முகம் பூராவும் கட்டு. அவ முகம் பார்க்கச் சகிக்காதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, பதினொண்ணாவது ட்ரீட்மென்ட், இதுவும் தோத்துப் போனா அவளை மாதிரி இருக்கறவங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துக்கு அனுப்பிடுவாங்க. கட்டைப் பிரிக்கிறாங்க, உள்ள இருக்கிறது நம்ம கண்ணுக்கு ரொம்ப அழகான முகம், டாக்டர் பதறிப் போய் ஒரு மாற்றமும் இல்லன்னு சொல்றாரு. அப்பதான் லைட்டுக்கு வர டாக்டர், நர்ஸ் முகமெல்லாம் பன்றி மூக்கும் கோணின உதடுமா இருக்கு. அந்த உலகத்துல அதுதான் சாதாரண முகம்.

இதுல பிரச்சனை என்னன்னா, ஏறக்குறைய மொத்த எபிசோடும் டாக்டர், நர்ஸ் முகத்தைக் காட்டவே கூடாது, அதே நேரம் "மறைக்கிறாங்க"ங்கிற நினைப்பும் பார்க்கறவங்களுக்கு வந்துடக் கூடாது. அந்த நினைப்பு வந்த நிமிஷமே கதை காலி. இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு வரிசையாப் பார்த்தா ஒரு பாடப் புத்தகமே கிடைக்கும்.

1. கவனத்தைத் தூக்கி வேற முகத்து மேல வச்சாங்க. கட்டுக்குள்ள என்ன இருக்கு, இந்தக் கேள்விதான் முதல் ஃப்ரேம்லேந்து ஓடுது. ஒரு மறைஞ்ச முகத்தைப் பத்தியே யோசிச்சுட்டு இருக்கறதால மத்த முகங்களும் மறைஞ்சிருக்கிறது உறைக்கவே மாட்டேங்குது.

2. இருட்டுக்கு ஒரு நியாயம் இருக்கு. அவளுக்குக் கண்ணு தெரியல, ரூம் மங்கலா இருக்கு, நாமளும் அவகூட இருட்டுல இருக்கிற மாதிரி ஃபீல் ஆகுது. ஜார்ஜ் க்ளெமென்ஸோட கேமரா நிழலு, கை, முதுகு, தலைக்கு மேல தொங்கற விளக்குன்னே போகும், பார்க்கறவங்களுக்கு இது அந்தக் காலத்து கருப்பு வெள்ளை ஸ்டைல்னுதான் தோணும்.

3. குரலை வச்சு முகத்தை வரைய வச்சாங்க. டாக்டரும் நர்ஸும் கனிவான, அக்கறையான குரல்ல பேசறாங்க. அப்படி ஒரு குரல் கேட்டா நாம தானா ஒரு நல்ல முகத்தை மனசுல ஒட்டிக்குவோம். இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான், ஏன்னா அந்தக் கனிவு பொய் இல்ல. அந்த டாக்டர் உண்மையிலயே நல்லவர்தான், அவ முகம் எப்படி இருந்தா என்னன்னு கூட ஒரு இடத்துல கேக்கறாரு, அப்படிப் பேசாதீங்கன்னு நர்ஸ்தான் எச்சரிக்கிறா. முகம் தெரிஞ்ச பிறகும் அவர் நல்லவராவே இருக்காரு, அதுதான் கதையை வெறும் அதிர்ச்சியா விடாம மேல தூக்குது.

4. கட்டோட நடிச்சது மாக்ஸின் ஸ்டூவர்ட், கட்டுப் பிரிச்ச பிறகு வரது டோனா டக்ளஸ், ஒரே பாத்திரத்துக்கு ரெண்டு நடிகைகள். பன்றி முக மேக்கப் வில்லியம் டட்டில் பண்ணது.

எங்கயாச்சும் பொய் சொன்னாங்களான்னு தேடிப் பாருங்க. "இவ முகம் மத்தவங்க மாதிரி இல்ல"ன்னு டாக்டர் பக்கம் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் அந்த உலகத்துல நூறு சதவீதம் நிஜம். யாரோட அளவுகோல் அதுன்னு நாம கேக்கல. ரெண்டாவது தடவை பார்க்கும்போது ஒரு வரி கூட இடிக்காம போகுது, "சீட்டிங்"ங்கிற புகாருக்கு ஒரு ட்விஸ்ட் குடுக்கக் கூடிய ஒரே நேர்மையான பதில் இதுதான்.

நேரேட்டர் சொல்றதை நாம ஏன் நம்பறோம்

செர்லிங் முதல் சீசன்ல பெரும்பாலும் குரலா மட்டும்தான் வந்தாரு, ரெண்டாவது சீசன்லேந்து கேமரா முன்னாடியே நின்னு பேசினாரு. கதைக்கு வெளிய நின்னு பேசற ஆளு சொல்றதை நாம தீர்ப்பு மாதிரி எடுத்துக்குவோம், அந்த நம்பிக்கையை உடைக்காம அதையே கருவியா ஆக்கினதுதான் சாமர்த்தியம்.

1961 ஜனவரி 27ல வந்த "தி இன்வேடர்ஸ்", ரிச்சர்ட் மேதிசன் எழுதினது, டைரக்‌ஷன் திரும்பவும் ஹேய்ஸ். ஒத்தையா வாழற ஒரு கிராமத்துப் பொம்பளை, அவ வீட்டு மொட்டை மாடியில சின்னதா ஒரு பறக்கும் தட்டு வந்து இறங்குது, உள்ளேந்து உள்ளங்கை அளவு உருவங்கள் வந்து அவளைத் தாக்குது. அவ கோடாலி எடுத்து அந்தக் கலத்தை அடிச்சு நொறுக்கறா. கடைசியில கேமரா கலத்து மேல எழுதியிருக்கிறதைக் காட்டும்போதுதான் தெரியுது, அது அமெரிக்க விமானப் படையோட விண்கலம். வந்தவங்கதான் மனுஷங்க, அவதான் வேற கிரகத்து ராட்சசி.

செர்லிங் ஆரம்பத்துல என்ன சொல்றாருன்னு கவனிங்க, ஆள் அரவம் இல்லாத இடம், கரண்ட் கேஸ் எதுவும் இல்லாத ஒரு பண்ணை வீடு, பல வருஷமா தனியா இருக்கிற ஒரு பொம்பளை, அவ்ளோதான். பூமின்னோ அமெரிக்கான்னோ வாயைத் திறக்கல. கரண்ட் இல்லன்னு சொன்னதும் நாமளே பழைய காலத்து அமெரிக்கக் கிராமம்னு முடிவு பண்ணிடறோம். அந்தப் பாத்திரத்துல நடிச்ச ஆக்னஸ் மூர்ஹெட் எபிசோட் பூராவும் ஒரு வார்த்தை பேசல, முனகல், அலறல், மூச்சு மட்டும்தான். நடிப்புக்கு அது சவால், ஆனா கதைக்கு அது கட்டாயம், ஏன்னா அவ இங்கிலீஷ்ல ஒரு வரி பேசியிருந்தா அது பொய் ஆயிருக்கும், வேற பாஷையில பேசியிருந்தா ரகசியம் உடைஞ்சிருக்கும்.

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வந்த "தேர்ட் ஃப்ரம் தி சன்" எபிசோடும் இதே கணக்குதான், அணுகுண்டுப் போருக்குப் பயந்து தப்பிச்சு வேற கிரகத்துக்குப் போற ரெண்டு குடும்பம், கடைசியில அவங்க போற கிரகம்தான் பூமி. அதுல கேமராவைச் சாய்ச்சு வச்சே எடுத்திருப்பாங்க. ஏதோ சரியில்லன்னு உள்ளுக்குள்ள உறுத்தும், அந்த உறுத்தலைப் போர் பயத்து மேல போட்டுடுவோம். ஆக க்ளூவே இங்க திரையாவும் வேலை செய்யுது.

எண்ண வச்சு ஏமாத்துறது

1961 மே மாசம் வந்த "வில் தி ரியல் மார்ஷியன் ப்ளீஸ் ஸ்டாண்ட் அப்" கொஞ்சம் வேற ரகம். பனியில பஸ் நின்னு போய் எல்லாரும் ஒரு சாப்பாட்டுக் கடையில காத்திருக்காங்க. பக்கத்துல ஏதோ கலம் விழுந்துச்சுன்னு போலீஸ் தேடி வருது. டிரைவர் பஸ்ல ஏறினது ஆறு பேருங்கிறாரு, கடையில இருக்கிற பயணிங்க ஏழு. யாரு அந்த ஏழாவது ஆளு?

இந்தக் கணக்குதான் பொறி. ஏழு பேர்ல ஒருத்தர்னு கேள்வியைப் போட்டதும் நாம அந்த ஏழு பேரை மட்டும்தான் அலசுவோம், கல்லாவுக்குப் பின்னாடி நின்னு காபி ஊத்தற கடைக்காரர் கணக்குலயே வர மாட்டாரு. பஸ் பயணிகள்ல ஒருத்தருக்கு மூணு கை இருக்கு, செவ்வாய் கிரகத்துலேந்து வந்தவர். சரி, முடிஞ்சுதுன்னு சாயும்போது கடைக்காரர் தொப்பியைக் கழட்டறாரு, நெத்தியில மூணாவது கண்ணு, இவர் வெள்ளி கிரகத்து ஆளு, வந்துட்டிருந்த செவ்வாய்க்காரங்களை இவங்க ஆளுங்க வழியிலயே மடக்கியாச்சு. முதல் ட்விஸ்ட்டை ஓரளவு ஊகிக்க முடியும், அந்த ஊகிச்ச திருப்திதான் ரெண்டாவதை மறைக்கிற திரை. "கண்டுபிடிச்சுட்டேன்"னு சொல்ற புத்திசாலி ஆடியன்ஸை எப்படிக் கையாளறதுன்னு இன்னிக்கு மண்டையை உடைச்சுக்கறவங்களுக்கு 1961லயே விடை இருந்திருக்கு.

ஹிட்ச்காக் பக்கம்

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் ப்ரெசென்ட்ஸ் 1955 அக்டோபர் 2ல ஆரம்பிச்சுது, 1962 வரைக்கும் அரை மணி நேர எபிசோட்கள் 268. அதுல ஹிட்ச்காக்கே டைரக்ட் பண்ணது 17தான். இங்க வேற கிரகம், பேய் எல்லாம் அபூர்வம், நம்ம பக்கத்து வீட்டு மனுஷங்கதான், அதனால உலகத்தைப் பத்தி ஏமாத்த முடியாது, ஆளைப் பத்தித்தான் ஏமாத்த முடியும்.

முதல் எபிசோட் "ரிவெஞ்ச்". மனசு உடைஞ்சு இப்பதான் தேறிட்டு வர மனைவி, புருஷன் வேலைக்குப் போனப்ப யாரோ அவளைத் தாக்கிடறாங்க. அவளைக் கார்ல கூட்டிட்டுப் போறப்ப ரோட்ல ஒருத்தனைக் காட்டி "இவன்தான்"கிறா. புருஷன் பின்னாடியே போய் அவனைக் கொன்னுட்டு வரான். கார் நகருது, கொஞ்ச தூரத்துல இன்னொருத்தனைக் காட்டி அதே குரல்ல, அதே முகத்தோட "இவன்தான்"கிறா. அவ மனநிலையைப் பத்தி ஆரம்பத்துலயே நமக்குச் சொல்லிட்டாங்க, பரிதாபப்பட்டோமே தவிர அதை ஒரு தகவலா எடுத்துக்கல. அந்தப் புருஷன் செஞ்ச தப்பையே நாமளும் செஞ்சிருக்கோம்.

குண்டு உதாரணத்துக்குச் சரியா பொருந்தறது 1958ல வந்த "லேம் டு தி ஸ்லாட்டர்". உறைஞ்ச ஆட்டுத் தொடையால புருஷனை அடிச்சுக் கொன்னுட்டு, அதையே சமைச்சு, ஆயுதத்தைத் தேடி வந்த போலீஸ்காரங்களுக்கே பரிமாறிடறா. நமக்கு எல்லாம் முன்னாடியே தெரியும், தெரியாதது போலீஸுக்கு மட்டும்தான், ஆக இது ட்விஸ்டே இல்ல, சுத்தமான சஸ்பென்ஸ். ஆனா குற்றவாளி தப்பிச்சாங்கன்னு டிவியில முடிக்கறது அன்னிக்குச் சிக்கல், அதனால ஹிட்ச்காக் கடைசியில வந்து, ரெண்டாவது புருஷனையும் அதே மாதிரி கொல்லப் பார்த்து, அவர் ஃப்ரீஸரை ப்ளக்ல மாட்ட மறந்ததால கறி கொழகொழன்னு இருந்து மாட்டிக்கிட்டான்னு சொல்லிட்டுப் போவாரு. சென்சாருக்கும் கணக்கு முடிஞ்சுது, கதையோட முடிவும் கெடல. கதைக்கு வெளிய நிக்கிற ஆளு இருந்தாதான் இந்த வசதி.

செர்லிங்குக்கு ட்விஸ்ட் ஏன் தேவைப்பட்டுச்சு

இது டெக்னிக் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, இந்தப் பின்னணி தெரியலன்னா பாதி எபிசோட் புரியாது. 1955ல மிசிசிப்பில எம்மெட் டில்ங்கிற 14 வயசு கறுப்பினப் பையனைக் கொன்னாங்க, கொன்னவங்களைக் கோர்ட் விட்டுடுச்சு. அதைத் தழுவி செர்லிங் எழுதின "நூன் ஆன் டூம்ஸ்டே" நாடகம் 1956ல டிவியில வந்துச்சு, வரதுக்குள்ள ஸ்பான்சர் பயத்துல எல்லாத்தையும் உருவிட்டாங்க. கதை நடக்கிற இடத்தை நாட்டோட வடகிழக்கு மூலைக்கு மாத்தினாங்க, தெற்கு மாகாணத்தை ஞாபகப்படுத்தும்னு கோகோ கோலா பாட்டிலைக் கூட எடுக்கச் சொன்னாங்க.

நேராச் சொன்னா வெட்டறாங்க, அப்ப வேற கிரகம், வேற முகம், வேற காலம்னு போட்டுச் சொல்லலாம்ங்கிற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த இடம்தான் 1959 அக்டோபர் 2ல ஆரம்பிச்ச ட்விலைட் ஸோன். 156 எபிசோட்ல 92 அவர் எழுதினது. பன்றி முகக் கதையை இப்ப திரும்ப யோசிங்க. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னு டிவியில கத்தற தலைவர், வேற மாதிரி இருக்கறவங்களைத் தனி ஊருக்கு அனுப்பற சட்டம். இனப் பாகுபாட்டைப் பத்திப் பேசறாங்கன்னு முதல்லயே தெரிஞ்சா ஒரு பகுதி ஆடியன்ஸ் அங்கயே மனசை மூடிக்கும். ட்விஸ்ட் என்ன பண்ணுதுன்னா, அந்தப் பொண்ணு மேல முதல்ல முழுசாப் பரிதாபப்பட வச்சுட்டு, யாருக்காகப் பரிதாபப்பட்டோம்னு அப்புறமா காட்டுது. வரிசை மாறியிருந்தா இது நடக்காது.

எங்க இது உடையுது

ஒரு மணி நேரம் ஆனா உடையுது. 1963ல நாலாவது சீசனை மட்டும் ஒரு மணி நேர எபிசோடா 18 எடுத்தாங்க, நல்ல கதைகள் இருந்தும் பல இடத்துல இழுவை, ஐந்தாவது சீசனுக்குத் திரும்ப அரை மணிக்கே வந்துட்டாங்க. விட்டு வச்ச வெற்றிடம் ரொம்ப நேரம் அப்படியே இருந்தா அது பார்க்கறவங்க கண்ணுல பட்டுடும், இடம் ஏன் சொல்லல, முகம் ஏன் காட்டலன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க.

ஸ்பாய்லர் தெரிஞ்சா உடையுதாங்கிறது இன்னும் சுவாரஸ்யமான கேள்வி. 2011ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 12 சிறுகதைகளை வச்சுப் பார்த்ததுல, முடிவு முன்னாடியே தெரிஞ்சவங்க சராசரியா கொஞ்சம் கூடவே ரசிச்சிருந்தாங்க, ட்விஸ்ட் கதைகள்லயும் அப்படித்தான். பிறகு வந்த ஆய்வுகள்ல நேர்மாறாவும் வந்திருக்கு, அதனால இதைத் தீர்ப்பா எடுத்துக்க வேணாம். என் கருத்து, நேர்மையா கட்டின ட்விஸ்ட்டுக்கு ஸ்பாய்லர் பெரிய சேதம் இல்ல, அடுத்த தடவை கட்டுமானத்தை ரசிக்கலாம். கடைசி நிமிஷத் தகவலை மட்டுமே நம்பற கதைதான் மொத்தமா செத்துப் போகும்.

இன்னிக்கு எட்டு மணி நேர சீரிஸ்ல ஒரே ரகசியத்தைக் கடைசி வரைக்கும் பொத்தி வைக்கணும்னா, எபிசோட் எபிசோடா ஆயிரக்கணக்கான பேர் நிறுத்தி நிறுத்திப் பார்த்து அலசுவாங்க, யாராச்சும் ஒருத்தர் கண்டுபிடிச்சே தீருவாங்க. அதுக்காகக் க்ளூவை மொத்தமா ஒளிச்சா "சீட்டிங்"னு வரும். ஹிட்ச்காக் 1958ல எடுத்த வெர்டிகோ படத்துல இதுக்கு ஒரு வழி பண்ணாரு. ஹீரோ வேற வேற ஆளுன்னு நினைக்கிற ரெண்டு பொண்ணும் ஒரே ஆளுங்கிற ரகசியத்தைப் படம் முடிய ஏகப்பட்ட நேரம் இருக்கும்போதே நமக்குச் சொல்லிடறாரு, ஹீரோவுக்கு மட்டும் தெரியாது. "யாரு இவ"ங்கிற கேள்வி அங்க முடிஞ்சு, "இவனுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவான்"ங்கிற கேள்வி ஆரம்பிக்குது, அந்தக் கேள்வியை யாரும் முன்கூட்டியே ஊகிச்சு முடிச்சுட முடியாது.